இரண்டு ஃபேனும் உள்ளே ஊதிய கதை

நாள் முழுக்க கார் ஏசிக்கு ஃபேன் மாட்டுகிற நான், சொந்தக் கம்ப்யூட்டருக்கு அதைத் திருப்பி மாட்டிய மேதாவி.

இருங்காட்டுக்கோட்டை வாடகை அறையில் இருந்த குட்டிக் கம்ப்யூட்டர் பெட்டி கொதிக்கிறதே என்று, பின்பக்கம் இன்னொரு ஃபேன் சேர்த்தேன். இரண்டுமே காற்றை உள்ளேதான் தள்ளின. ஷேர் ஆட்டோ போல ஏற்றிக்கொண்டே இருந்தன, இறக்கவில்லை.

அறைத்தோழன் மாரியப்பன், ஊரில் பிறந்த மகளை வீடியோவில் முதன்முதலாகப் பார்க்க உட்கார்ந்தான். முகம் தெரியும் முன்பே கம்ப்யூட்டர் சூடேறி அணைந்தது.

"எலேய், எம் பிள்ளையக் காட்டுலே!"

பின் ஃபேனைக் கழற்றித் திருப்பினேன். அனல் வெளியேறியது. திரையில் குழந்தை கொட்டாவி விட்டாள், அறையே கூத்தாடியது.

இப்போதெல்லாம் காகிதத் துண்டைப் பிடித்து, காற்றின் திசை பார்த்த பிறகே மாட்டுகிறேன்.

"மூணாவது ஃபேன் போடவா மாப்ள?" என்று மாரியப்பனிடம் கேட்டேன்.

"ஒன் மண்டைக்குப் போடுலே."