செட் சாரின் சனிக்கிழமைகள்

பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில், ஏ.சி. மெஷின்களின் வெக்கையெல்லாம் வந்து விழுகிற சின்ன அறையில் உட்கார்ந்து அவர் பல் செட் செய்துகொண்டிருந்தார். முன்னால் டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார். அங்கே எல்லாரும் அவரைச் செட் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். தன் சொந்தப் பெயரை யாராவது சொன்னால் அவருக்கே திரும்பிப் பார்க்க ஒரு நிமிஷம் பிடிக்கும்.

எத்தனையோ வருஷமாக இந்த வேலை. அவர் செய்த பல்லால் ஊரில் பல பேர் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், வீட்டில் சண்டை போட்டார்கள். அவர்களில் ஒருவரையும் அவர் நேரில் பார்த்ததில்லை. அவருக்கு வருவது பிளாஸ்டர் வாய்கள் மட்டும். அவை பேசுவதில்லை.

வீட்டிலும் பேச்சு குறைந்து போயிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, ஆறு மாதம் கூடமாட இருந்துவிட்டு வருகிறேன் என்று போன மனைவி, மூன்று வருஷமாகியும் திரும்பவில்லை. மனஸ்தாபம் எதுவும் இல்லை. முதலில் குழந்தைக்கு அடிக்கடி சளி பிடித்தது. பிறகு மகள் வேலைக்குத் திரும்பினாள். பிறகு மாப்பிள்ளைக்கு ஷிப்டு மாறியது. ஒவ்வொரு தடவையும் மனைவி போனில் கேட்பாள். "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுமாங்க?"

"இரு, இரு. எனக்கென்ன? நான் பாத்துக்கறேன்" என்பார் இவர்.

பார்த்தும்கொண்டார். காலையில் முட்டை, மதியம் மருத்துவமனைக் கேன்டீன், ராத்திரிக்கு ரொட்டியோ சோறோ எதுவோ ஒன்று. சாப்பாட்டு மேஜை நிறைய மனைவி விரித்துவிட்டுப் போன விரிப்பு இருந்ததால் அதை அழுக்காக்க வேண்டாம் என்று சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார். கட்டிலில் அவள் படுக்கும் பக்கம், மடித்த துணிகள் மெல்ல மெல்லக் குடியேறின. தினமும் காலை ஏழு மணிக்கு, அங்கே ராத்திரியாக இருக்கும் நேரத்தில், வீடியோ கால் வரும். சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு. மழையா, வெயில். குழந்தை ஓடிக் குறுக்கே வரும். சரி வெச்சுடவா, சரி.

ஒருநாள் அந்தப் போனில் மகள் வந்தாள்.

"அப்பா, எங்க ஆபீஸ்ல ஒண்ணு நடத்துறாங்க. வாரத்துக்கு ஒண்ணு, இதுவரைக்கும் செய்யாததா ஒரு சின்ன விஷயம் செய்யணும். நானும் செய்யறேன், நீங்களும் செய்யுங்க. யாரு ஜெயிக்கறாங்கன்னு பாக்கலாம்."

"இந்த வயசுல புதுசா என்னம்மா செய்யறது? குட்டிக்கரணமா?"

"அதுவும் செய்யலாம். ஆனா பக்கத்துல யாராவது இருக்கும்போது செய்யுங்க" என்று அவள் சிரித்தாள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று இவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. முதல் சனிக்கிழமை, பஸ்ஸில் தன் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி, ஒருநாளும் நுழையாத தெரு வழியாக நடந்து வீட்டுக்கு வந்தார். அந்தத் தெருவில் நாற்காலிக்கால்கள் மட்டும் விற்கிற ஒரு கடை இருந்தது. கால்கள் கட்டுக்கட்டாக, ஒட்ட வேண்டிய உடம்பு எதுவும் இல்லாமல். கடைக்காரர் "எந்த நாற்காலிக்குங்க?" என்று கேட்டார். "சும்மா பாக்கறேன்" என்றார் செட் சார். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் இதைச் சொன்னபோது மனைவி, "அவ்வளவு தூரம் ஏன் நடந்தீங்க? முட்டி வலிக்கப் போகுது" என்றாள். மகள் அந்த வாரம் எதுவும் செய்யவில்லை. ஆபீஸில் வேலை ஜாஸ்தியாம். அதற்கு அடுத்த வாரம் அவளுக்கு அந்தப் பந்தயமே மறந்துவிட்டது. இவர் ஞாபகப்படுத்தவில்லை. ஆனால் விடவும் இல்லை. சனிக்கிழமை மதியத்துக்கு என்று ஒன்று இருப்பது, அது எதுவாக இருந்தாலும், வெள்ளிக்கிழமையைக் கொஞ்சம் லேசாக்கியது.

அடுத்து, தனியாக சினிமாவுக்குப் போனார். கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு, அதற்குப் பிறகு மனைவியோடு. தனியாகப் போனதேயில்லை. கவுன்டரில் பணத்தை நீட்டி, வாய் பழக்கத்தில் "ரெண்டு" என்றார். டிக்கெட் கிழித்தாகிவிட்டது. பின்னால் வரிசை நின்றது. ஒன்று போதும் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஒன்றில் உட்கார்ந்தார், மற்றொன்றில் குடையை வைத்தார். படம் தொடங்கியதும் ஒரு ஆள் வந்து குனிந்து, "இங்க ஆள் இருக்கா சார்?" என்றார்.

"இருக்கு. வருவாங்க."

இடைவேளையிலும் அந்த ஆள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். படம் முடியும்வரை செட் சாருக்குத் திரையில் மனம் ஒட்டவில்லை. போனில் மனைவியிடம், படம் பரவாயில்லை என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவதாக, மீசையை எடுத்தார். இளவட்டமாக இருந்தபோது வைத்த மீசை. முடிவெட்டுபவர் நம்பவில்லை. "சார், நல்லா யோசிச்சுட்டீங்களா? எடுத்தா சீக்கிரம் வளராது" என்று இரண்டு முறை கேட்டார். எடுத்து முடித்துக் கண்ணாடியில் பார்த்தால், அவருக்குப் பதிலாக மீசையில்லாத அவருடைய அண்ணன் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. மேலுதட்டில் காற்றுப் பட்டது புதிதாக இருந்தது. மறுநாள் காலை போன் வருவதற்கு முன்னாலேயே சட்டை மாற்றிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டே பேசினாள். போன் எங்கேயோ சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. குழந்தைக்கு மறுபடி சளி, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, மகளுக்கு இரண்டாவது உண்டாகியிருக்கிறது. நல்ல சேதிதான். இவரும் சந்தோஷப்பட்டார். சரி வெச்சுடவா என்று அவள் குனிந்தபோது குழந்தை ஓடிவந்து திரையைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, வீறிட்டு அழுதது.

"என்னடா, தாத்தாடா" என்றாள் அவள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்க்காமலே, "தூக்கம் வந்துடுச்சு இவனுக்கு. நாளைக்குப் பேசறேங்க" என்று வைத்துவிட்டாள்.

புதன்கிழமைதான் அவள் கவனித்தாள். "ஐயையோ, மீசை எங்கே?" என்றாள். எடுத்து நாலு நாளாகிறது என்று இவர் சொல்லவில்லை. "நேத்துதான்" என்றார்.

அதற்கடுத்த வாரம் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. சனிக்கிழமை வேலை முடிகிற நேரம், மேஜையில் கடைசியாக ஒரு செட் இருந்தது. மேல் வரிசை மட்டும், ஒரு பெண்மணிக்கு. விபத்தில் முன்பற்கள் போய்விட்டனவாம். உதவியாளர் வந்து எடுத்துக்கொண்டு போவதுதான் வழக்கம். செட் சார் அதைக் கையில் எடுத்தார், கை கழுவினார், தானே நடந்து முன்னறைக்குப் போனார்.

"டாக்டர், நான் இருந்து பாக்கலாமா?"

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட வந்ததில்லையே செட் சார்! வாங்க, வாங்க."

நாற்காலியில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கம்பெனிக்கு வருகிற புகார்களைப் போனில் கேட்டுப் பதில் சொல்கிற வேலையாம். இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை. டாக்டரம்மா பல்லைப் பொருத்திவிட்டு, "ச, சா, சி சொல்லுங்க" என்றார். அவள் சொன்னாள். ஒரு எழுத்தில் விசில் வந்தது. செட் சார் வாங்கிக்கொண்டு போய் ஒரு முனையைத் தேய்த்துக் கொண்டுவந்தார். இப்போது விசில் இல்லை.

"சார்தான் உங்க பல்லைச் செஞ்சவர்" என்றார் டாக்டரம்மா.

அவள் கைக்கண்ணாடியில் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். "என் பழைய பல்லு இவ்வளவு அழகா இல்லை சார். யாராவது பழைய போட்டோ பாத்தா மாட்டிக்குவேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவள் நாற்காலியிலிருந்து இறங்காமலே போனை எடுத்தாள்.

"நான்தான். கேக்குதா? தெளிவா கேக்குதா? ஆமா, போட்டாச்சு. சீக்கிரம் வீட்டுக்கு வாயேன். எனக்கு உன்கூடப் பேசணும் போல இருக்கு."

அவ்வளவுதான். எதிர்முனையில் இருந்தவர் என்ன சொன்னாரோ, அவள் சிரித்தாள். செட் சார் தன் அறைக்குத் திரும்பிப் போனார். மெழுகு அடுப்பை அணைத்தார், மேஜையைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். சீக்கிரம் வாயேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் சொன்னதாக ஞாபகமில்லை. மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போனபோதும் சொல்லவில்லை. இந்த மூன்று வருஷமும் அவள் கேட்டாள், இவர் இரு இரு என்றார். அதுதான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்பே போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். டீ ஆறி ஆடை கட்டியது. கால் வந்தது. சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க. உடம்புக்கு ஏதாவது...?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. நீ வந்துடேன்." போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். "எனக்குத் தனியா இருக்க முடியலை."

படம்தான் நின்றுவிட்டதோ என்று போனை ஆட்டிப் பார்த்தார். இல்லை, அவள் கண்ணைச் சிமிட்டினாள்.

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"நீ அங்க சந்தோஷமா இருக்கியேன்னு..."

"யாரு சொன்னா?" அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "காலையில எல்லாரும் கிளம்பிப் போனா, நானும் குழந்தையும் நாலு சுவரும். பக்கத்து வீட்டுல யாருன்னு தெரியாது. கீழ இறங்கினா பாஷை தெரியாது. ஒவ்வொரு தடவையும் இருந்துட்டு வரட்டுமான்னு கேப்பேன். நீங்க வான்னு ஒரு வார்த்தை சொன்னா மூட்டையைக் கட்டிடலாம்னு இருப்பேன். நீங்க இரு இருன்னு சொல்வீங்க. சரி, இவருக்கு நம்ம தொந்தரவு இல்லாம நிம்மதியா இருக்கு போலன்னு நெனச்சுக்குவேன்."

"அப்படியெல்லாம் இல்லை."

"இப்ப சொல்றீங்க. இப்ப எப்படி வர்றது? இவளுக்கு ரெண்டாவது வேற." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "பிரசவம் முடிஞ்சு, குழந்தைக்குத் தலை நின்னதும் வந்துடறேன். அதுக்கு முன்னால முடியாதுங்க."

"சரி" என்றார். இரு இரு என்று இந்தமுறை வரவில்லை. "ஆனா வந்துடு."

அது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அன்றைக்கு ரொம்ப நேரம் யாரும் வைக்கவில்லை. பேச ஒன்றுமில்லாதபோதும் வைக்கவில்லை. சினிமாக் கொட்டகையில் இரண்டு டிக்கெட் வாங்கியதை அவர் அப்போதுதான் சொன்னார். அவள் முதலில் சிரித்தாள், அப்புறம் அந்த இன்னொரு சீட்டில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டாள். சனிக்கிழமைப் பந்தயம் பற்றியும் சொன்னார்.

அதற்குப் பிறகும் அவர் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் முன்போலவே நீளமாக இருந்தன. சில வாரம் புதிதாக எதுவும் செய்யாமல் சனிக்கிழமை முழுக்கத் தூங்கினார்.

ஒரு காலை, வழக்கமான நேரத்துக்கு வெகு முன்னால் போன் அடித்தது. பதறிப்போய் எடுத்தார். மனைவி கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். மூக்கு சிவந்திருந்தது. அங்கே மாலை, பின்னால் ஒரு சாலை தெரிந்தது.

"என்னங்க, நான் தனியா பஸ் ஏறினேன்."

"நீயா? எங்க போறே?"

"எங்கயும் இல்லை. உங்க சனிக்கிழமைப் பந்தயம் மாதிரி நானும் சும்மா ஏறினேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டேன். டிரைவர் என்னமோ சொன்னாரு, நான் தலையாட்டிட்டு இறங்கிட்டேன். இப்ப எங்க நிக்கறேன்னே தெரியலை."

"ஐயோ! பொண்ணுக்குப் போன் பண்ணு."

"பண்ணிட்டேன், அவ வர்றா. வந்து திட்டுவா. அது வரைக்கும் நீங்க பேசிக்கிட்டு இருங்க" என்றாள். "இங்க ஒரு பெரிய மரம் இருக்குங்க, பாருங்க." போனைத் திருப்பி இலையில்லாத அந்த மரத்தை அவருக்குக் காட்டினாள். அவர் பார்த்தார்.