சாகறதுக்கு ஒரு ராஜா

ராஜா செத்தே ஆகோணும். அதுதானுங்க கதையே. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கொங்கு நாடு. பாசிமணி விக்கறவளாட்டம் ஒருத்தி அரமனைக்குள்ள வந்து, தன்னோட ஊரை எரிச்ச ராஜாவைக் குத்திக் கொல்றா. போத்தனூர்ல நாங்க குடியிருக்கற அபார்ட்மெண்ட்டுல பொங்கல் விழாவுக்கு நான் எழுதுன நாடகம். கொலைகாரி வேசமும் எனக்குத்தான். அதுவரைக்கும் வருஷா வருஷம் கோலம் போட்டு, காய் நறுக்கியே என்ற முதுகு ஒடிஞ்சு போச்சு. ஒரு தடவையாவது மேடையேறிப்போடோணும்னு வெறி.

ஆனா சாகறதுக்கு ஆள் கெடைக்கோணுமே!

மொதல்ல செக்ரட்டரியக் கேட்டேன். மீசையும் தொப்பையுமா அசல் ராஜாதான். சந்தோசமா ஒத்துக்கிட்டார். அன்னைக்குச் சாயங்காலமே அவரு சம்சாரம் வந்து நின்னுது. நல்ல நாளும் அதுவுமா எங்க ஊட்டுக்காரரு பொணமாட்டம் படுக்கறதாங்க்கான்னு ஒரே அழுகை. காயம் மட்டும் பட்டாப் போதாதா, ஆஸ்பத்திரியில சேர்த்துப் பொழைக்க வெச்சரலாமேன்னு ரோசனை வேற. அந்தக் காலத்துல ஏது கண்ணு ஐசியூன்னு கேட்டு அனுப்பி வெச்சேன்.

அடுத்தது ஜிம் நடத்தறவர். அவங்கம்மா எனக்குக் கதவையே தொறக்கல. கடைசியா எங்க ஊட்டுக்காரரையே புடிச்சேன். கோபியில இருந்து நாத்தனார் போன் பண்ணி, கட்டுன புருசனைக் கொல்றதுக்கு நாடகம் ஒரு சாக்கான்னு கேட்டுது. இந்த மனுசனும் பக்கத்துல நின்னு தலையத் தலைய ஆட்டறார். கெரகம், யாரச் சொல்லி நோக? வெள்ளிக்கிழமைக்குள்ள ராஜா வரலைன்னா நாடகம் வேண்டாம், மியூசிக்கல் சேர் வெச்சரலாம்னு கமிட்டியில பேசி முடிச்சுட்டாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அப்பத்தான் மொத மாடியில தனியா இருக்கற ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் தானா வந்து, நான் சாகறேங்கன்னார். சம்சாரம் தவறி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மக வெளிநாட்டுல. தடுக்கறதுக்கு ஆளில்லை, தப்பிச்சேண்டா சாமின்னு இருந்துச்சு எனக்கு.

விழா அன்னைக்குக் குத்துனேன். அடடா, என்னமா உழுந்தார்! கிரீடம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கூட்டம் கப்சிப். அடுத்தது என்னோட வசனம். அதைப் பேசறதுக்காகத்தான் நாடகமே எழுதுனேன். வாயைத் தொறக்கறேன், முன் வரிசையில இருந்து செக்ரட்டரி சம்சாரம் சத்தம் போடுது.

"போதுங்ணா, எந்திரிங்க. தரை சில்லுன்னு கெடக்குது."

செத்த ராஜா எந்திரிச்சு உக்காந்துட்டார். கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. என்ற வசனம் ஒருத்தர் காதுலயும் உழுகல.

மேடைக்குப் பின்னால போனதும் புடிபுடின்னு புடிச்சேன். ஏனுங்க, அந்தப் புள்ளதான் வெவரமில்லாமக் கூப்புட்டுது, செத்தவரு நீங்க எப்படீங்க எந்திரிக்கலாம், இத்தனை பாடுபட்டதையும் கெடுத்துப்போட்டீங்களேன்னு. அவரு கிரீடத்தைக் கையில வெச்சுக்கிட்டுச் சொன்னார்.

"மன்னிச்சுக்கோங்க அம்மணி. எந்திரிங்கன்னு என்னை ஒருத்தர் கூப்புட்டு ரொம்ப நாளாச்சுங்க. கண்ணை மூடியிருந்தனா, ஊட்டுல அவதான் எழுப்பறான்னு எந்திரிச்சுப்போட்டேன்."