அன்வரி பேகம் தைத்த காலணாக்கள்

1943 மார்ச் 9: புறப்பட்டவை 8, திரும்பியவை 8. உண்டியலில் 4 அணா.
மே 21: புறப்பட்டவை 8, திரும்பியவை 7. உண்டியலில் 3½ அணா.
ஆகஸ்ட் 3: புறப்பட்டவை 10, திரும்பியவை 8. உண்டியலில் 4 அணா.
செப்டம்பர் 14: புறப்பட்டவை 10, திரும்பியவை 6. உண்டியலில் 3 அணா.
அக்டோபர் 2: புறப்பட்டவை 12, திரும்பியவை 5. உண்டியலில் 2½ அணா.
அக்டோபர் 3: புறப்பட்டவை 4, திரும்பியவை 3. உண்டியலில் ஒன்றுமில்லை.

புறப்பட்டவையும் திரும்பியவையும் வேளச்சேரி ஏரிக்கு மேற்கே இருந்த திடலின் விமானங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். உண்டியல் மயிலாப்பூர் கச்சேரி ரோடு பள்ளிவாசலுடையது. அதில் காசு போட்டு வந்தவர் அன்வரி பேகம்.

போரில் இலங்கை விழுந்து, திருகோணமலையிலிருந்து எதிரி விமானங்கள் சென்னைக்கு மேல் வரத் தொடங்கியதும் ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. தியாகராய நகரில் பாதி கட்டி நின்றுபோன ஒரு டாக்கீஸை ராணுவம் எடுத்துக்கொண்டு பாரசூட் மடிக்கும் கூடமாக்கியது. கூரை உயரமாக இருந்ததால் கடற்காற்றில் ஈரம் ஏறிய பட்டுத் துணியை அங்கே தொங்கவிட்டு உலர்த்த முடிந்தது. நான் அங்கே பதிவெழுத்தனாக இருந்தேன். அன்வரி பேகம் மூன்றாம் மேசையில் மடிப்பு வேலை. வேளச்சேரித் திடலின் பாரசூட் பைகள் எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். கணவர் கூடாரம் தைப்பவர். இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒரே மகன் அக்பர் பாஷா, இருபது வயது. வேளச்சேரித் திடலில் விமானத்தின் பின்னிருக்கையில் துப்பாக்கி பிடிப்பவன்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று மடித்தவள் சொர்ணம். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வருவாள். பேகம் ஒரு பைக்குள் எதையோ வைத்துத் தைப்பதை முதலில் பார்த்தவள் அவள்தான்.

"இன்னா பேகம்மா, பட்டாளத்துக்கே தாயத்து கட்டுறியா?"

"தாயத்து இல்லடி. இமாம் ஜாமீன். வெளியூர் போறவங்க கையில காசை வெச்சு துணி கட்டி அனுப்புவோம். நல்லபடியா வந்துட்டா அந்தக் காசு ஏழைங்களுக்கு."

"அப்ப எனக்கும் ஒண்ணு கட்டு. தெனம் அந்த ஆத்தைத் தாண்டி வர்றேன், முழங்காலு வரைக்கும் சேறு கீது."

"உனக்குக் கட்டினா காசு திரும்பாது. வழியிலேயே போண்டா வாங்கித் தின்னுடுவ."

சொர்ணம் சிரித்துவிட்டு, "வராதவங்க காசு?" என்றாள். பேகம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

மகனுக்கு மட்டும் கட்ட அவருக்கு மனம் வரவில்லை. தன் கையால் மடிக்கும் எல்லாப் பைகளிலும் தைத்தார். காசு கைக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் குதிப்பவன் கை கொண்டு இழுக்கும் பிடியின் பக்கத்தில், மூடியின் உட்புறம் வைத்தார். பிடியை இழுத்தால் கம்பி ஊசிகள் உருவிக்கொள்ளும், மூடி திறக்கும், பட்டு வெளியே பாயும். காலணாவை ஒட்டித்தான் அந்த ஊசிகள் வழுக்கிச் சென்றன. விமானங்கள் திரும்பியதும் பைகள் உலர வரும். பேகம் காசைப் பிரித்து உண்டியலில் போட்டுவிட்டு, புதுக் காசு தைப்பார்.

அந்த ஆண்டு செம்புத் தட்டுப்பாட்டில் நடுவே ஓட்டை வைத்த காலணா வந்தது. ஜூலைக்குப் பிறகு கடைகளில் கிடைத்தது அதுதான். பேகமும் அதைத்தான் தைத்தார்.

அக்டோபர் 2 அன்று மெரினாவிலிருந்தே சண்டையைப் பார்க்க முடிந்தது. மறுநாள் காலை ஊரூர் குப்பத்துக்காரர்கள் கட்டுமரத்தில் ஒரு உடலைக் கொண்டுவந்தார்கள். அவன் குதித்ததையும், கல்லைப் போல நேராக விழுந்ததையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். முதுகில் பை திறக்காமலே இருந்தது.

எங்கள் மேற்பார்வையாளர் ராஜகோபாலன் அந்தப் பையை மூன்றாம் மேசையில் வைத்துப் பிரித்தார். கடல்நீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. மூடியின் உட்புறத்தில், காலணாவின் ஓட்டைக்குள் துணியோடு அமிழ்ந்து ஊசியின் நுனி சிக்கியிருந்தது. பிடியை இழுத்த இழுப்பில் கம்பியே வளைந்திருந்தது.

"யார் வேலை இது?"

சொர்ணம் பேகத்தின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "சும்மா கிட" என்று முணுமுணுத்தாள். நாசவேலைக்கு அப்போது தூக்கு. அது எல்லோருக்கும் தெரியும்.

"நான்தான் சார்," என்றார் பேகம். "எல்லாத்துலயும் வெச்சிருக்கேன். என் பையன் பையிலயும். திடலுக்கு போன் போடுங்க சார், முதல்ல போன் போடுங்க."

ராஜகோபாலன் ஓடினார். நான்கு விமானங்கள் அரை மணி நேரம் முன்பே கிளம்பிவிட்டன. அதில் அக்பர் பாஷாவும் இருந்தான். கம்பியில்லாத் தந்தியில் சொல்ல முடியாது என்றார்கள். பேசினால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும்.

அலமாரியில் மாற்றுப் பைகள் பத்து இருந்தன. பேகமே ஒவ்வொன்றையும் மேசையில் வைத்து இழுத்துப் பார்த்தார். முதலாவது திறந்தது. இரண்டாவது திறந்தது. மூன்றாவதை அவரும் சொர்ணமும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. பத்தில் மூன்று சிக்கின. மற்ற ஏழும் விரிந்து தரையெல்லாம் வெள்ளைப் பட்டாகக் கிடந்தது. பேகம் அதன் நடுவே உட்கார்ந்துகொண்டார்.

பகல் ஒரு மணிக்கு மூன்று விமானங்கள் திரும்பின. மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்த சொர்ணம் படியிறங்கி வர வெகுநேரம் ஆயிற்று.

பேகத்தைப் பதினொரு நாள் வைத்து விசாரித்தார்கள். ராஜகோபாலன் மூன்று முறை போய்ச் சாட்சி சொன்னார். "சார், அந்தம்மாவே சொல்லலேன்னா நாங்க இன்னும் அதையேதான் மடிச்சிண்டிருப்போம்" என்று அதிகாரியிடம் வாதாடினாராம். அறியாமல் செய்தது என்று முடிவாகி, வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆகஸ்டிலிருந்து திரும்பாமல் போனவர்கள் இருபத்தெட்டு பேர். அவர்களில் எத்தனை பேர் குதித்தார்கள், எத்தனை பேருக்கு மூடி திறக்கவில்லை என்று சொல்ல ஆளில்லை. விமானங்களை வீழ்த்தியது எதிரியின் துப்பாக்கிதான் என்று ராஜகோபாலன் பலமுறை எடுத்துச் சொன்னார். பேகம் கேட்டுக்கொண்டதோடு சரி.

அதற்குப் பிறகு கச்சேரி ரோட்டுச் சந்தில் தலையணை உறை தைத்துப் பிழைத்தார். அக்பரைப் பற்றி அரசாங்கத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, காணவில்லை என்றது. அடுத்தது, இறந்ததாகக் கொள்ளப்படும் என்றது. இரண்டையும் நான்தான் படித்துச் சொன்னேன். இரண்டு முறையும் ஒரே கேள்வி கேட்டார்: "குதிச்சானான்னு போட்டிருக்கா?"

போடவில்லை.

சண்டை ஓய்ந்து கைதிகள் திரும்பத் தொடங்கிய பிறகு மூன்றாவது கடிதம் வந்தது. அக்பருடன் பறந்த விமானி நாகராஜ் எழுதியது. சொர்ணமும் அன்று வந்திருந்தாள். விமானம் தீப்பிடித்ததும் இருவரும் குதித்தோம் என்று எழுதியிருந்தான். அந்த இடத்தில் பேகம் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பிறகு, படி என்று தலையசைத்தார்.

"எனக்குக் கொஞ்சம் மேலே அக்பரின் குடை முழுதாக விரிந்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்துக் கையசைத்தான். காற்று அவனைக் கிழக்கே நடுக்கடலுக்குக் கொண்டுபோனது. நான் இலங்கைக் கரைக்கு அருகே விழுந்து பிடிபட்டேன். பிறகு அவனைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை."

"விரிஞ்சுதாம்மா," என்று சொர்ணம் அழுதாள். "கேட்டியா, உன் புள்ளைக்கு விரிஞ்சுது. உன் காசு அவன ஒண்ணும் பண்ணல."

பேகம் அழவில்லை. தைத்துக்கொண்டிருந்த உறையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"குப்பத்துல கொண்டாந்தாங்களே, அந்தப் பிள்ளைக்கு விரியலியே," என்றார். "அவன் அம்மாவுக்கு யாரு எழுதினாங்க, ரைட்டரே? என்னன்னு எழுதினாங்க?"

நான் கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தேன். பேகத்தின் பெயருக்கு வந்த கடைசிக் கடிதம் அது. வந்த தேதி 1946 பிப்ரவரி 19, செவ்வாய்க்கிழமை.