மாட்டுத்தொட்டி நிலவரம்

மலைப்பாதை சாலையைக் கடக்கும் இடத்திலிருந்து இறங்கி வந்தால், முதல் தெருவில் தையல் கடை. முதுகுப்பை, கூடாரம், அறுந்த வார் எதுவானாலும் கடைக்காரி தைத்துக் கொடுப்பாள். அந்தப் பாதையில் மாதக்கணக்கில் நீள்நடை போகிறவர்கள் கிழிந்த பையோடு உள்ளே வருவார்கள். பையை வாங்கும் முன்பே, "கடைசியா எங்க தண்ணி பிடிச்சீங்க?" என்று கேட்பாள். அப்படித்தான் தண்ணியக்கா என்ற பெயர் விழுந்தது. தையல் அவள் பிழைப்பு. தண்ணீர் நிலவரம் சொல்வது அவளாகத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டது.

ஊருக்குத் தெற்கே பாதை ஒரு வறண்ட மேட்டுநிலத்துக்குள் நுழைகிறது. கடக்க இரண்டு நாள் ஆகும். நடுவில் பாதையை விட்டு இறங்கினால், பள்ளத்தில் ஒரு மேய்ச்சல்காரர் மாடுகளுக்காகக் கட்டிய தொட்டி இருக்கிறது. அதை விட்டால் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதில் தண்ணீர் உண்டென்றால் ஒரு நாளைக்கு மட்டும் சுமக்கலாம். இல்லையென்றால் இரண்டு நாளைக்கும். தண்ணீர் என்ன பஞ்சுமூட்டையா? ஏற்றத்தில் முழங்கால் அழுதுவிடும்.

அங்கிருந்து வருகிறவர்கள் சொல்வதை, அங்கே போகிறவர்களுக்காகத் தண்ணியக்கா போனில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கும் ஒரு பக்கத்தில் போடுவாள். யார் பார்த்தார், என்றைக்குப் பார்த்தார், பிடித்துக் குடித்தாரா என்ற மூன்றும் இருந்தால்தான் வரி ஏறும். "வாய் புளிச்சதோ மாங்கா புளிச்சதோன்னு இதுல எழுதக் கூடாது" என்பாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், பழைய பைகளைப் பிரித்துப் பிரித்தே தையல் கற்றவள். இழுத்துப் பார்க்காத தையலை அவள் நம்பியதில்லை.

அந்தக் கோடையில் அவளைக் காய்ச்சல் ஒரு வாரம் படுக்கப் போட்டது. பள்ளி வண்டி ஓட்டும் அவள் கணவர், வந்த செய்திகளை வந்தபடியே பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து உட்கார்ந்த அன்றுதான் தங்கை வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு முதல்முறையாக நீள்நடைக்கு வந்திருந்தாள். கூட வந்தவர்களிடம், "எங்க அக்காதான் அந்தத் தண்ணியக்கா" என்று வழியெல்லாம் பீற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் காலை அவர்கள் தொட்டிப் பக்கம் கிளம்புவதாக ஏற்பாடு. தண்ணியக்கா பக்கத்தைத் திறந்து பார்த்தாள். தொட்டியைப் பற்றி நான்கு வரிகள். நான்கு வெவ்வேறு நாட்கள். நான்கிலும் ஒரே வாசகம்: தண்ணீர் உண்டு, தெளிவு, பாதி அளவு.

"ஏங்க, மாடு தினமும் குடிக்குது. வெயில் இப்படிக் கொளுத்துது. தொட்டி மட்டும் பாதியிலேயே நிக்குமா?"

"அவங்க அனுப்பினதைத்தான் போட்டேன்" என்றார் கணவர்.

அவள் நால்வருக்கும் போன் போட்டாள். கடைசியாக எழுதியவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எங்கிட்ட தண்ணி இருந்துச்சுக்கா. பள்ளத்துல இறங்கலை. முன்னாடி போட்டிருந்ததைப் பார்த்து அப்படியே எழுதிட்டேன்." மற்ற இருவரும் அதே கதைதான். முதலில் எழுதியவர் மட்டும் இறங்கிக் குடித்திருந்தார், வெயில் இப்படிக் கொளுத்தத் தொடங்குவதற்கு முன்னால்.

நான்கு வரிகளையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டாள்: "மாட்டுத்தொட்டி: தெரியாது. இரண்டு நாளைக்கும் சுமக்கவும்."

தங்கையோடு வந்தவர்கள் தங்கியிருந்த மாடி அறையிலிருந்து, போனும் கையுமாக முதலில் இறங்கி வந்தவர் கழுகு; பாதையில் நடப்பவர்கள் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர்தான் வைத்துக் கூப்பிடுவார்கள். தங்கையின் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. பலமுறை இந்தப் பாதையை நடந்தவர்.

"என்னங்க இது? இல்லைன்னு நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"பார்க்கலை. அதான் இல்லைன்னு எழுதலை."

"நாலு பேர் இருக்குன்னு சொல்லியிருக்காங்க!"

"நாலு பேர் இல்லைங்க. ஒரு ஆளு, மூணு எதிரொலி."

"அந்தத் தொட்டி வத்தி நான் பார்த்ததே இல்ல. வீட்டுல உட்கார்ந்துகிட்டு எங்களைப் பொதி சுமக்கச் சொல்றீங்க."

பின்னால் நின்ற தங்கையின் முகம் சிவந்தது. "அக்கா, மானத்தை வாங்காதே. அவருக்குத் தெரியாததா?"

"அவருக்குப் பாதை தெரியும்டி. இன்னைக்குத் தொட்டியில என்ன இருக்குன்னு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. எனக்கும் சேர்த்துத்தான்."

காலையில் கழுகு ஒரு நாள் தண்ணீரோடு கிளம்பினார். மற்றவர்களும் அவர் பின்னால். தங்கை மட்டும் கையிலிருந்த பாட்டிலையெல்லாம் நிரப்பினாள்.

"உனக்காக ஒண்ணும் இல்ல. அப்புறம் அம்மாகிட்ட போன் போட்டு நீ ஒப்பாரி வைப்ப, அதுக்குத்தான்."

மேட்டுநிலத்தில் போன் எடுக்காது. தண்ணியக்காவுக்கு ஊசி ஓடவில்லை. போட்ட தையலையே பிரித்துப் பிரித்துப் போட்டாள். தொட்டி வற்றியிருந்தால் ஒருத்தி சுமந்த தண்ணீர் அத்தனை பேருக்கும் காணாது. வற்றாமல் இருந்தாலோ, இனி இந்தப் பக்கத்தை யார் மதிப்பார்கள்? தங்கையே மதிப்பாளா?

இரண்டாம் நாள் சாயங்காலம் போன் அடித்தது.

"அக்கா, மேட்டைத் தாண்டிட்டோம், இப்போதான் சிக்னல் கிடைச்சுது. தொட்டி ரொம்பி வழிஞ்சுது!"

தண்ணியக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நல்லதாப் போச்சு" என்று எப்படியோ சொல்லிவிட்டாள்.

"கழுகு சிரிச்சாரு பாரு, பள்ளமே அதிர்ந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, அவ்வளவு கனம் சுமந்திருக்கேன். எல்லாரும் பிடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. ஆனா நீ தெரியாதுன்னு எழுதியிருந்தியே, யாராவது பார்த்துத்தானே ஆகணும்? இவ்வளவு வெயில்ல வழியுறது எனக்கு நல்லாப் படலை. ஆஸ்பத்திரியில ட்ரிப் ரொம்ப வேகமா இறங்கினாலும் நாங்க ஓடிப் போய்ப் பார்ப்போம்ல, அந்த மாதிரி. குழாய் மேல இருந்த மூடியைத் தூக்கினேன். தொட்டி நிறைஞ்சா குழாயை அடைக்கிற மிதவை விரிசல் விட்டு முங்கிக் கிடக்கு. குழாய் நிக்காம ஊத்துது. மேல ஏறிப் போய், தொட்டிக்குத் தண்ணி வர்ற பெரிய டாங்கியைத் தட்டிப் பார்த்தா, அடியிலதான் கொஞ்சம் கிடக்கு."

"அய்யோ. அது தீர்ந்தா கீழயும் அவ்வளவுதானே!"

"தீர விடலை. மிதவைத் தண்டை மேல இழுத்து ஷூ வாரால கட்டிட்டேன். நாங்க கிளம்பும்போது ஒரு சொட்டு விழலை. தொட்டி நிறைய இருக்கு, நான் குடிச்சும் பார்த்துட்டேன். நீ உடனே மேய்ச்சல்காரருக்குச் சொல்லு."

"தனியாவா கட்டினே?"

"கழுகைக் கத்திக் கூப்பிட்டேன். திரும்பி வந்து தண்டைத் தூக்கிப் பிடிச்சாரு. அதுக்கப்புறம் ஆளு சிரிக்கவே இல்ல. இந்தா, பேசணுமாம்."

போனில் கழுகு தொண்டையைச் செருமினார். "இனிமே தண்ணி விஷயம்னா உங்க வீட்டு ஆளுங்ககிட்டயே கேட்டுக்கறேங்க. இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததில்ல."

தண்ணியக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேய்ச்சல்காரரைக் கூப்பிட்டாள், புது மிதவையோடு விடியும் முன்பே கிளம்புவதாகச் சொன்னார். பிறகு பக்கத்தைத் திறந்து, தொட்டி நிறைந்திருப்பதையும், மேல் டாங்கியில் கொஞ்சமே மிஞ்சியிருப்பதையும், வாரை யாரும் அவிழ்க்கக் கூடாது என்பதையும் எழுதினாள். பார்த்தவர் யார் என்ற இடத்தில் "என் தங்கை" என்று போட்டாள்.

கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "நடக்கிறவங்க பட்டப்பேரைத்தானே போடணும்னு எனக்குச் சட்டம் பேசுவே?"

"பேசுவேன்தான்" என்று சொல்லிவிட்டு, அதை அப்படியே பக்கத்தில் ஏற்றினாள்.