இருசம்மாள் பொத்தி வைத்த பேட்ஜ்

நாகமுத்துவை எனக்குப் பிடிக்காது. அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். மலேசியாவில் ஜாசினுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தோம். ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே பெஞ்சு. அவன் ஸ்காலர்ஷிப் வாங்கி ஜப்பானுக்குப் போய் அணுவியல் படித்தான். நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். "நாகமுத்துவப் பாரு" என்று அம்மா சொல்லிச் சொல்லியே என் காது புளித்துவிட்டது.

அப்படி என்ன கிழித்துவிட்டான்? அணுமின் நிலையம் வரும் என்று நம்பிப் படித்தான். அது வரவே இல்லை. சிலாங்கூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரப்பர் பாலைக் கதிர்வீச்சில் பதப்படுத்துகிறான். கையுறை செய்ய ஆகுமாம். அவன் அம்மா இருசம்மாள் காலமெல்லாம் மரத்தில் வெட்டி எடுத்த அதே பால். கோயில் திருவிழாவில் அதை மைக்கில் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். திருவிழாவுக்கு இலவசமாக வேன் ஓட்டியவனை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

போன மாதம் இருசம்மாள் பெரியம்மாவுக்கு கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் எலும்பு ஸ்கேன். என் வேனைத்தான் கூப்பிட்டான். வந்தவன் சட்டையில் ஒரு பேட்ஜ். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று பதிவு செய்யும் பேட்ஜ் அது. ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே கொண்டுவரக் கூடாது.

"என்னடா, சீன் காட்டறியா?"

"அம்மா ரொம்ப நாளா கேட்டுச்சுடா. ஆஸ்பத்திரில எல்லாரும் பாக்கணுமாம்."

பெரியம்மா நர்ஸ்களிடமெல்லாம் அதைக் காட்டினார். ஸ்கேனுக்குப் போட்ட ஊசி மருந்திலேயே கதிர்வீச்சு உண்டு; கொஞ்ச நேரம் அது உடம்பிலிருந்து வெளியேயும் வீசும். திரும்பும்போது மகன் நெஞ்சில் சாய்ந்து, பேட்ஜைக் கைக்குள் பொத்திக்கொண்டு தூங்கிவிட்டார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

பிறகு ஆய்வுக்கூடத்தில் பேட்ஜைச் சோதித்தபோது அளவு எகிறியிருந்தது. விதியை மீறி எங்கோ நுழைந்திருக்கிறான் என்று நாகமுத்துவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நடந்ததை அவன் சொல்லியும் மேலதிகாரி நம்பவில்லை. கேள்விப்பட்டதும் எனக்கு வயிறு குளிர்ந்தது.

மாலையில் என் வாசலில் வந்து நின்றான்.

"நீ வந்து சொல்லுலா, செல்வம். வேன்ல நீயுந்தான இருந்த."

"பெரியம்மாவ கூட்டிட்டுப் போயேன்."

"அதுக்குத் தெரியவே கூடாதுடா. தன்னாலதான்னு தெரிஞ்சா ஒடஞ்சி போயிரும். யார்கிட்டயும் சொல்லிறாத."

"ஊசி மருந்து என்னன்னு ஒனக்குத் தெரியும்ல? ஏன் கழட்டல?"

"கைக்குள்ள புடிச்சிருந்துச்சி. எடுத்தா முழிச்சிக்கும்."

இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்றிருந்தது. அவன் கெஞ்சவில்லை, தலை குனிந்துகொண்டான். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அப்படியே அவனோடு போனேன். கண்ணாடியில் பார்த்ததை மேலதிகாரியிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்தார்கள். நேரமும் மருந்தும் ஒத்துப்போனதால், பேட்ஜை வெளியே கொண்டுபோனதற்குக் கண்டித்துவிட்டு வேலையில் சேர்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நாகமுத்து போன் பண்ணானாம், வேல திரும்பக் கெடச்சிருச்சாமே! கெட்டிக்காரப் பையன்லா. நீ எங்க ஊர் சுத்திட்டு வர்ற?"

எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த வீட்டுப் பெரியம்மா காதுக்குப் போய்விடும். என் சட்டையிலும் ஒரு பேட்ஜ் தொங்கியது. ஸ்கூல் வேன் ஓட்டுநர், என் படம், என் பெயர். அதைப் போட்டுக்கொண்டு வா என்று அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை.