சிவப்பு ஒரு கையில், நீலம் ஒரு கையில்

எங்கள் வீட்டு பீரோ கண்ணாடியில் அந்தக் கோடை முழுவதும் யாரும் முகம் பார்க்கவில்லை. அதில் ஒரு ஜோடி நுரையீரல் இருந்தது. அம்மா பொட்டு வைத்துக்கொள்ள எவர்சில்வர் தட்டைத் தூக்கிப் பிடித்தாள். அப்பா உத்தேசமாக வகிடு எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனார். தாத்தா மட்டும் பின்பக்க ஜன்னலில் தன்னுடைய சின்னக் கண்ணாடியைச் சாய்த்துவைத்துச் சவரம் செய்தார். சவரம் மட்டும் அவர் செய்வது இடது கையால். ஏன் தாத்தா என்று கேட்டால், "கண்ணாடில பாரு, வலது கையாத்தானே தெரியுது" என்பார். நானும் எட்டிப் பார்த்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்டு போய்விடுவேன். பத்து வயதில் கண்ணாடியை நம்பாமல் வேறு எதை நம்புவது.

சேலையூரில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளிய காலனி. மேலே பயிற்சி விமானங்கள் மதியத்தை நீளமாகக் கிழித்துக்கொண்டு போகும். கீழே, அடுத்த அறையில், அத்தையின் மூச்சு சன்னமாக விசிலடித்துக்கொண்டிருக்கும். அத்தை அப்பாவின் தங்கை, உயிரியல் டீச்சர். வருஷக்கணக்கில் சாக்பீஸ் தூளைத் தின்ற நெஞ்சு ஒரு மழைக்காலத்தில் முரண்டு பிடித்துவிட்டது. சாக்பீஸா மூச்சா, ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை வேலையை விட்டாள். வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கென்னவோ, வேலைதான் அத்தையை நடுவழியில் இறக்கிவிட்டுப் போனதாகத் தோன்றியது. வெண்டைக்காய் நறுக்கும்போது குறுக்குவெட்டுத் தோற்றம் என்று ஆரம்பிப்பாள்; குழம்பு கொதிக்கிறது என்று அம்மா முடிப்பாள். கேட்காதவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினாள். துணிக்கொடியில் உட்கார்ந்த காக்காய்கூடத் தப்பவில்லை.

அப்போதுதான் மேடவாக்கம் போகும் வழியில் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் எழும்பியது. வகுப்புக்கு வகுப்பு வெள்ளைப் பலகை. சாக்பீஸ் என்ற பொருளே வளாகத்துக்குள் கிடையாதாம். அத்தை விண்ணப்பித்தாள், எழுத்துத் தேர்வில் தேறினாள். மே மாதக் கடைசியில் டெமோ வகுப்பு. நிர்வாகத்தார் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"இதுவும் ஆகலேன்னா போதும்மா. வீட்லயே நாலு பசங்களுக்கு டியூஷன் எடு" என்றார் தாத்தா. நாலு பசங்களுக்கு வாயாலேயே டியூஷன் எடுக்கலாம், பலகை வேண்டாம். ஆனால் அத்தைக்குப் பலகை வேண்டும். பலகை முன்னால் நின்றால்தான் அவளுக்கு அவள் உயரம் வரும்.

பழகுவதற்கு வீட்டில் வெள்ளைப் பலகை இல்லை, பீரோ கண்ணாடிதான் பலகை என்று முடிவாகி, அப்பா ஒரு மார்க்கர் வாங்கி வந்தார். உற்சாகத்தில் அவரே பீரோ கண்ணாடியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, 'வெற்றி நமதே' என்று எழுதினார். துடைத்தால் போகவில்லை. வாங்கி வந்தது பர்மனென்ட் மார்க்கர். அம்மா தேங்காய் எண்ணெய் போட்டாள், சபீனா போட்டாள், கடைசியில் அப்பாவைப் போட்டுத் தாளித்தாள். கண்ணாடி முன்னால் யார் நின்றாலும் நெற்றிக்குக் குறுக்கே வெற்றி நமதே.

மறுநாள் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு மேற்குத் தாம்பரத்துக்குப் போனாள். ரயில் நிலையச் சுரங்கப்பாதையில் பூவும் வேர்க்கடலையும் வியர்வையும் கலந்த மணம். அதைத் தாண்டி, ஏறி, கடைத்தெருவில் ஒரு ஸ்டேஷனரி கடை. கடைக்காரர் விலை எழுதி மாட்டியிருந்த சின்ன வெள்ளைப் பலகையைக் காட்டி, இதில் எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் தலையாட்டியதுதான் தப்பு. ஒவ்வொரு மார்க்கராகத் திறந்து, முகர்ந்து, கோடு இழுத்து, என் விரலால் உடனே தேய்க்கச் சொன்னாள். ஒன்றின் வாசனைக்கே அத்தைக்கு இருமல் வந்தது. ஒன்று நத்தை போன தடம்போல் ஈரமாகவே கிடந்தது. ஒரு பச்சை, அழித்த பிறகும் ஆவியாக அங்கேயே நின்றது.

"இன்னாம்மா, நீ எழுத வந்தியா, அழிக்க வந்தியா? போர்டுல இருந்த வெலயெல்லாம் பூட்ச்சு. நாளிக்கு நான் இன்னா வெலக்கி விக்கறது?" என்றார் கடைக்காரர்.

"கோச்சுக்காதீங்க அண்ணா. என் மூச்சு இதுலதான் இருக்கு."

"உன் மூச்சு அதுல கீது. என் யாவாரம் இந்த போர்டுல கீது."

ஆனாலும் இன்னொரு டப்பாவை உள்ளேயிருந்து எடுத்துப் போட்டார். அதிலிருந்த சிவப்பும் நீலமும் கோடு இழுத்த மாத்திரத்தில் உலர்ந்தன. நான் விரலால் லேசாகத் தேய்த்தும் அசையவில்லை, துணியால் துடைத்தால் சுத்தமாகப் போயின. உருண்டை முனை, வாசனையும் அதிகமில்லை. வாங்கிவிட்டோம். வீட்டுக்கு வந்து அப்பாவின் வெற்றி நமதே மேல் விளையாட்டாக நீலத்தால் கிறுக்கித் துடைத்தேன். நீலத்தோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. வெற்றியை அழித்ததற்காக நான் வாங்கிய பாராட்டு அதற்கு முன்னும் பின்னும் வாங்கியதில்லை.

தொந்தரவு அதற்குப் பிறகுதான். அத்தை பிறவியிலேயே இடதுகைக்காரி. சின்ன வயதில் பீச்சாங்கையால் எழுதுகிறாள் என்று தாத்தா அவள் இடது கையைத் துண்டால் ஜன்னல் கம்பியில் கட்டிவைத்து, வலது கையில் பலப்பத்தைக் கொடுத்தார். எங்கள் வீட்டில் இது சிரிப்புக் கதை. தீபாவளிக்கு வரும் விருந்தாளிகளுக்குச் சொல்லப்படும். அத்தையும் சிரிப்பாள். கரும்பலகையில் அவள் எழுதியதெல்லாம் கற்றுக்கொடுக்கப்பட்ட அந்த வலது கையால்தான். ஆனால் சாக்பீஸுக்குக் கரும்பலகையில் ஒரு பிடிப்பு உண்டு. மார்க்கர் வழுக்கியது. வலது கை எழுத்து தண்ணீரில் விழுந்த எறும்பு வரிசைபோல் தத்தளித்துக்கொண்டு போனது. சரி என்று இடது கைக்கு மாற்றினாள். எழுத்து முத்து முத்தாக வந்தது. ஆனால் எழுதிக்கொண்டே போகும் கை, எழுதியதன் மேலேயே போகிறதே. என்னதான் உலர்ந்தாலும் மணிக்கட்டின் தேய்ப்புக்குத் தாங்கவில்லை. 'நுரையீரல்' என்று எழுதி முடித்தபோது கண்ணாடியில் 'ல்' மட்டும் இருந்தது. மீதி அத்தையின் கையில் நீலமாக ஒட்டியிருந்தது.

ஒரு கைக்கு வரவில்லை, ஒரு கைக்கு நிற்கவில்லை. அத்தை கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டாள். விசில் சத்தம் கேட்டது.

நான் கவனித்தது அடுத்த நாள். கண்ணாடியில் அவள் இடது கையால் படம் வரைந்துகொண்டிருந்தாள். மூடி கழற்றாத சிவப்பு மார்க்கர் வலது கையில் சும்மா இருந்தது. சும்மா இல்லை. இடது கை இந்தப் பக்கம் வளைந்தால் வலது கை அந்தப் பக்கம் வளைந்தது, காற்றில், யாரும் கேட்காமலே.

"அத்தை, உன் இன்னொரு கை எதையோ வரையுது."

அத்தை திரும்பிக் கையைப் பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு பல்லால் சிவப்பின் மூடியைக் கழற்றினாள். கண்ணாடியின் நடுவில் இரண்டு முனைகளையும் சேர்த்துவைத்தாள். மூச்சுக்குழல் ஜோடியாக இறங்கியது. கிளை பிரிந்தது. இடது கை இடப்பக்கமாக, வலது கை வலப்பக்கமாக, நடுவிலிருந்து வெளியே, ஒரே மூச்சில், இரண்டு நுரையீரல்கள் இறக்கை விரித்தன. எந்தக் கையும் தான் போட்ட கோட்டை மிதிக்கவில்லை. வழுக்கிக்கொண்டிருந்த வலது கை, அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கும் குழந்தைபோல், இடது கையோடு நேராகப் போனது.

அன்றிலிருந்து கண்ணாடி எங்களுக்கு இல்லை.

டெமோ அன்று பள்ளிக்கு விடுமுறை. மாணவர்கள் வேண்டுமே என்று வாட்ச்மேனின் இரண்டு பெண்களையும் வேன் டிரைவரின் மகனையும் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். நாலாவது ஆளாக நான். "இங்க நான் மிஸ். அத்தைன்னு கூப்பிட்டே, தொலைஞ்சே" என்று வாசலிலேயே எனக்குச் சொல்லியாகிவிட்டது. பின் வரிசையில் தாளாளரும் தலைமை ஆசிரியையும்.

பலகையடியில் பள்ளிக்கூடத்து மார்க்கர்கள் கிடந்தன. அத்தை வலது கையால் தலைப்பை எழுதினாள். எறும்புகள் தத்தளித்தன. தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிவப்பை எடுத்து அவள் கோடு இழுத்தபோது பலகையில் கீச்சென்று சத்தம் மட்டும் வந்தது. யாரோ மூடாமல் விட்டுக் காய்ந்துபோன மார்க்கர். அத்தையின் முதுகு அப்படியே நின்றது. எனக்கு அவள் மூச்சின் விசில் கேட்கிற மாதிரி இருந்தது.

எழுந்தேன். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். மை ஒரு பக்கமாக இறங்கிவிடக் கூடாது என்று அத்தை எப்போதும் படுக்கவைக்கச் சொன்ன சிவப்பும் நீலமும் அதில் படுத்திருந்தன.

"மிஸ், என்கிட்ட இருக்கு."

அத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு விநாடி இரண்டையும் உள்ளங்கையில் எடைபோட்டாள். பிறகு ஆளுக்கொன்று கொடுத்தாள், தன் இரண்டு கைகளுக்கும்.

பலகையின் நடுவிலிருந்து அது புறப்பட்டதை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீலம் அந்தப் பக்கம், சிவப்பு இந்தப் பக்கம், வளைந்து, இறங்கி, அடியில் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தன. டிரைவர் மகன்தான் முதலில் வாயைத் திறந்தான். "டேய், மிஸ்ஸு ரெண்டு கையாலயும் போடுது பார்றா."

"எல்லாரும் மூச்சை இழுங்க" என்றாள் அத்தை. இழுத்தோம். "பிடிச்சு வைங்க. இப்ப உங்களுக்குள்ள இது ரெண்டும் விரிஞ்சிருக்கு." திரும்பிப் பார்த்தேன். தாளாளரும் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். "விடுங்க" என்று அத்தை சொன்ன பிறகுதான் விட்டார்.

பெயர்களை எழுதுவதுதான் பாக்கி. அதில் மாட்டிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். அத்தை மார்க்கரை வாட்ச்மேனின் பெரிய பெண்ணிடம் நீட்டி, "மூச்சுக்குழல் எதும்மா? வந்து எழுது" என்றாள். பலகையைத் தொட்டாலே அடி விழும் என்று வளர்ந்த குழந்தைகள் நாங்கள். மார்க்கருக்காக வரிசையில் முட்டிக்கொண்டோம். தலைமை ஆசிரியை ஏதோ பெரிய கற்பித்தல் முறையைக் கண்டவர்போல் குறித்துக்கொண்டார்.

கடைசியில் அவர்தான் தயங்கினார். "எல்லாம் நல்லா இருந்தது. ஆனா இடது கை... பேரன்ட்ஸ் ஏதாவது சொல்வாங்க."

"என் இடது கை வரைஞ்சது வலது நுரையீரல், மேடம். எதிர்ல நின்னு பாக்கறவங்களுக்கு எல்லாம் மாறித்தான் தெரியும்."

தாளாளர் சிரித்துவிட்டார். "ஸ்கூல் திறக்கற அன்னிக்கே வந்துடுங்க மேடம். அந்த ரெண்டு மார்க்கரும் எந்தக் கடைல வாங்கினதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டுப் போங்க."

திரும்பும் பேருந்தில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, சாலைப் புழுதியையும் டீசல் புகையையும் பொருட்படுத்தாமல் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். விசிலே இல்லை. கண்டக்டரிடம் இடது கையால் சில்லறை கொடுத்தாள். அவர் முறைத்ததற்கு இவள் சிரித்தாள். தாம்பரத்தில் இறங்கி அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினோம்.

வீட்டில் நான்தான் கதை சொன்னேன், இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டி. அம்மா கண்ணைத் துடைத்தாள். அப்பா மீண்டும் ஒருமுறை வெற்றி நமதே எழுதக் கிளம்பி, தடுக்கப்பட்டார். காபி குடித்துக்கொண்டிருந்த தாத்தா நிதானமாக, "அன்னிக்கு நான் கட்டிவைக்கலேன்னா இவளுக்கு ரெண்டாவது கை ஏது?" என்றார். வழக்கம்போல் எல்லோரும் சிரித்தோம். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. மைசூர்பாகு ஒன்றை எடுத்து, அந்த வீட்டில் பிறந்த யாரும் செய்யத் துணியாததைச் செய்தாள். இடது கையால் அவரிடம் நீட்டினாள்.

தாத்தா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

நான் குதித்துச் சிரித்தேன். எங்களையெல்லாம் திட்டும் தாத்தாவே பீச்சாங்கையால் வாங்குகிறார் என்று அம்மாவிடம் கோள் சொல்ல ஓடினேன். வலது கையில் காபி டம்ளர் இருந்திருக்கும், அதனால்தான், என்று அம்மா சமாதானம் சொன்னாள். அதையும் நம்பினேன்.

டம்ளர் ஸ்டூலின் மேல் இருந்தது. அந்த வலது கை மடியில், ஒன்றும் செய்யாமல், இருந்தது. இடது கை எவ்வளவு இயல்பாக நீண்டது, ஒரு துகள்கூடச் சிந்தாமல் எவ்வளவு பழக்கமாக வாங்கியது என்பதெல்லாம் என் கண்ணில் விழுந்து அப்படியே கிடந்தது. அவரையும் சின்ன வயதில் ஏதோ ஒரு ஜன்னலில் யாரோ கட்டிவைத்திருக்கிறார்கள் என்று தெரிய, நான் தாத்தாவின் அந்தச் சவரக் கண்ணாடியை விட்டு வெகுதூரம் வளர வேண்டியிருந்தது.