பின்பாரம் ஏறிய விமானம்

அந்த விமானக் கம்பெனி மூடிப்போன செய்தி வந்தபோது எங்கள் பக்கத்தில் பலரும் சிரித்தார்கள். "ஏர்போர்ட்டே இல்லாத ஊருல பிளேன் ஆபீஸ் போட்டா வேற என்ன ஆகும்?" என்று என் சித்தப்பாவே போனில் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு வாரம் அவர் போனை எடுக்கவில்லை. அந்தக் கம்பெனியின் விமானத்தில் நான் போனது ஒரே ஒரு தடவைதான். ஆனாலும் அதை யாராவது இளக்காரமாகப் பேசினால் இன்றைக்கும் பொறுக்க மாட்டேன்.

பெரிய கம்பெனியெல்லாம் இல்லை. இறக்கையில் காற்றாடி சுற்றுகிற சின்ன விமானங்கள் மூன்று வைத்திருந்தார்கள். தினமும் காலையில் மதுரையிலிருந்து சென்னைக்கு ஒன்று கிளம்பும். தேனியில் ஓர் உரக்கடை மாடியில் ஒற்றை அறைதான் ஆபீஸ். அங்கிருந்து மதுரைக்கு ஒரு வேனும் விட்டார்கள். ஏலக்காய் வியாபாரி வந்தாலும் சரி, சேற்றுக் காலோடு ஒரு விவசாயி படியேறி வந்தாலும் சரி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். விமானத்தில் என்ன கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்று அலுத்துக்கொள்ளாமல் சொல்வார்கள். நம் ஆட்களை அப்படி மதித்த ஆபீஸ்கள் குறைவு.

நான் நர்சிங் முடித்துக் கம்பத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு வேலைக்கு இரண்டு வருடமாகப் பரீட்சை எழுதிக் காத்திருந்தேன். இண்டர்வியூவுக்கு அழைத்து வந்த மெயில் வேண்டாத மெயில்களோடு போய்க் கிடந்ததால் முந்தின நாள் மாலையில்தான் அதைப் பார்த்தேன். மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சென்னையில் இருக்க வேண்டும். தாமதமாக வந்தால் பெயர் நீக்கப்படும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. தொடர் விடுமுறை முடிகிற நாள், பஸ்ஸிலும் ரயிலிலும் இடமில்லை. அண்ணன் எங்கள் ஊரான அனுமந்தன்பட்டியிலிருந்து தேனிக்கு பைக்கில் பறந்துபோய் டிக்கெட் வாங்கி வந்தார். அம்மா என் பையில் ஜெபமாலையை வைத்துவிட்டு, "முதல்ல இறங்கிரு" என்று மட்டும் சொன்னார்.

வேன் டிரைவருக்கும் அதே கவலை. வேனில் ஏறிய ஒவ்வொருவரிடமும் ரகசியம் போலச் சொல்லிக்கொண்டு வந்தார். "இந்தப் பிளேனுக்குக் கதவு பின்னாடிதான் இருக்கு. சீட்டு நம்பர் கிடையாது. பின்னாடியே இடம் பிடிச்சிருங்க. முன்னாடி போனீகன்னா கடைசியாத்தான் இறங்கணும்."

என்னோடு வேனில் வந்தவர்கள் ஜெயமங்கலத்துக்காரர்கள், இருபது பேர், வளைகாப்புக்குப் போகிறவர்கள். டிரைவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டார்கள். விமானத்தின் படியில் முதலில் ஏறியவர் பின்வரிசைகள் பலவற்றிலும் துண்டும் பையும் போட்டுவிட்டார். சொந்தக்காரர்கள் நிதானமாக வந்து தங்கள் துண்டைத் தேடி உட்கார்ந்தார்கள். நானும் என் பங்குக்குக் கைக்குட்டையைப் போட்டு, கதவை ஒட்டி மிஞ்சியிருந்த ஓர் இடம் பிடித்தேன். மற்றவர்களையும் சேர்த்தால் முப்பது பேர் இருப்போம். அத்தனை பேரும் வால்பக்கம். முன்பக்கம் வெறிச்சென்று கிடந்தது.

பணிப்பெண் வந்து, பாதிப் பேர் முன்னால் போக வேண்டும் என்று கெஞ்சினாள். யாரும் அசையவில்லை. கிளம்ப வேண்டிய நேரம் கடந்து அரை மணி ஆனது. கடைசியில் விமானியே வெளியே வந்தார். நரைத்த தலை, மலையாளம் கலந்த தமிழ். வெயிட், பேலன்ஸ் என்று பொறுமையாக விளக்கினார்.

"முப்பது பேருக்கெல்லாமா பிளேன் சாயும்? நாங்க காசு குடுத்துத்தான வந்திருக்கோம்" என்றார் துண்டு போட்டவர்.

எனக்குச் சட்டென்று விஷயம் பிடிபட்டது. எங்கள் வீட்டிலும் மாட்டு வண்டி இருந்தது. "மாமா, பின்பாரம்" என்றேன். "மூட்டையெல்லாம் பின்னாடியே ஏத்துனா வண்டி மூக்கத் தூக்கிராதா?"

அவர் என்னைப் பார்த்தார். வெறிச்சென்று கிடந்த முன்வரிசைகளைப் பார்த்தார். "அட, இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான" என்று எழுந்துவிட்டார்.

"அதே, பின்பாரம்" என்று விமானி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் பணிப்பெண்ணுக்கு வேலையே இல்லை. ஜெயமங்கலத்துக்காரர்கள் பாரம் பிரிக்கத் தொடங்கினார்கள். உடம்பு கனத்த மச்சினரை, "நீ ஒருத்தன் போனா ரெண்டு மூட்டைக்குச் சமம்" என்று முன்னால் தள்ளினார்கள். இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்றாள் பணிப்பெண். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நியாயம் பேசியவள் நான்தானே.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பதினோரு மணிக்கு இண்டர்வியூ சார். முன்னாடி போனா கடைசியாத்தான் இறங்க முடியும்" என்றேன்.

விமானி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மோள் முன்னாடி போய் உக்காரு. பாக்கி நான் பாத்துக்கறேன்" என்று மகளிடம் சொல்வது போலச் சொன்னார்.

அழுதுகொண்டே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். மேகம், மலை, கீழே தெரிந்த ஊர்கள் என்று எதையும் நான் பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தேன். சென்னையில் இறங்கும்போது பத்தாகியிருந்தது. சக்கரம் நின்றதும் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. "எல்லாரும் இருங்க. முன்வரிசைல ஒரு மோள் இருக்கு. பாரம் சரி பண்ணித் தந்த மோள். அதுக்கு இண்டர்வியூ. அது எறங்கினப்புறம் நீங்க எறங்கலாம்."

நான் எழுந்து விமானத்தின் முழு நீளத்தையும் நடந்தேன். முதலில் இறங்குவதற்காகத் துண்டு போட்டவர்கள் ஒருவர்கூட எழவில்லை. கதவோரம் இருந்தவர் காலை மடக்கிக்கொண்டு, "ஓடு ஆத்தா, ஓடு" என்றார்.

பத்தே முக்காலுக்கு என் பெயரைப் பதிந்தேன். வேலை கிடைத்தது. நான் வெளிநாடு போன ஒரு வருடத்தில் கம்பெனி மூடிவிட்டது. விமானங்களை வாடகைக்குக் கொடுத்திருந்தவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டார்களாம். அந்த விமானிக்கு நன்றி சொல்ல முகவரி தேடினேன், கிடைக்கவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

போன விடுமுறையில் தேனி பஸ் ஸ்டாண்டு அருகே அந்த வேன் டிரைவரைப் பார்த்தேன். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நான் சொன்ன மாதிரிப் பின்னாடிதான உக்காந்தீக?"

"இல்லண்ணே. முன்னாடி, முதல் வரிசைல."

"அடடா. அப்பக் கடைசியாத்தான் இறங்கியிருப்பீக."

"இல்லண்ணே" என்றேன். "நான்தான் மொதல்ல இறங்குனேன்."